அந்தரத்துல மிதக்குற கப்பல் படம்: நிஜமாவே ஃபாட்டா மோர்கானாவா?

அரைத்தூக்கம்
எல்லாருக்கும் வணக்கம். 2021 மார்ச்ல இங்கிலாந்து கார்ன்வால் கடற்கரைல எடுத்ததுன்னு ஒரு படம் சுத்துச்சே ஞாபகம் இருக்கா, பெரிய கப்பல் ஒண்ணு கடலை விட்டு மேல எழும்பி ஆகாசத்துல தொங்குற மாதிரி. நேத்து குரூப்ல மறுபடியும் வந்துச்சு, கீழ ஒருத்தர் "இதுதான் ஃபாட்டா மோர்கானா, அறிவியல் அதிசயம்"னு போட்டிருந்தார், அது கானல் நீர்ல ஒரு வகையாம். எனக்கு கானல் நீர்னா வெயில்ல தார் ரோட்டுல தண்ணி தேங்கின மாதிரி தெரியுமே அது ஒண்ணுதான் தெரியும். காத்துக்கு கப்பலையே தூக்கிக் காட்டுற அளவு சக்தி இருக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, நான் ஃபிசிக்ஸ்ல பார்டர் பாஸ்.

சுண்ணாம்புக்கட்டி
பார்டர் பாஸே போதும் தம்பி. முதல்ல ரோட்டுக் கானலை முடிச்சிடுவோம், அது புரிஞ்சா மத்ததெல்லாம் அதோட பேரப்பிள்ளைங்க.

வண்டில ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சேத்துல இறங்கினா வண்டி அந்தப் பக்கமா இழுக்கும்ல, வெளிச்சமும் அப்படித்தான். குளிர்ந்த காத்து அடர்த்தி, அதுல வெளிச்சம் துளியூண்டு மெதுவா போகும், சூடான காத்து லேசு, அதுல துளியூண்டு வேகம். அதனால வெளிச்சம் எப்பவுமே குளிர்ந்த பக்கமா வளையும். இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்கோ.

ரோட்டை ஒட்டின காத்து கொதிக்குது, மேல போகப்போக குளிர்ச்சி. வானத்துல இருந்து சாய்வா இறங்குற வெளிச்சம் ரோட்டுல படாமலே மேல்பக்கமா வளைஞ்சு உன் கண்ணுக்கு வருது. கண்ணு அது நேர்கோட்டுல வந்ததாத்தான் நினைக்கும், அதான் வானம் ரோட்டுல கிடக்குற மாதிரி இருக்கு. தண்ணி இல்ல, வானத்தோட துண்டு.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு கணக்கு இருக்கு. காத்தோட ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்வளவு மெதுவாக்குதுங்கிற அளவு) சுமார் 1.0003தான், அதுலயும் ஒரு டிகிரி சூடு ஏறினா பத்து லட்சத்துல ஒரு பங்குதான் குறையும். ரோட்டோரக் காத்து மேல இருக்குறதை விட 20 டிகிரி கூடன்னு வெச்சா, வெளிச்சம் ரோட்டோட மூணுல ஒரு பங்கு டிகிரி கோணத்துக்குள்ள வந்தா மட்டும்தான் திரும்பும். கார்ல உக்கார்ந்திருக்குறவன் கண்ணு 1.2 மீட்டர் உயரம்னா அந்தத் தண்ணி 200 மீட்டருக்கு அந்தப் பக்கம்தான் ஆரம்பிக்கும். நீ கிட்டப் போனா அது தள்ளிப்போறதுக்கு காரணம் இதுதான், கோணம் மாறாம இருக்கணும்ல. 1798ல நெப்போலியன் படையோட எகிப்துக்குப் போன காஸ்பார் மோஞ்ஜ் தாகத்துல தவிச்ச சிப்பாய்ங்க இதுல ஏமாறுறதைப் பார்த்துட்டுத்தான் இதுக்கு விளக்கம் எழுதினார்.

அரைத்தூக்கம்
இது புரிஞ்சிடுச்சு சார். அப்ப கப்பல்?

சுண்ணாம்புக்கட்டி
அப்படியே தலைகீழா திருப்பு. கீழ குளிர், மேல சூடு. ஐஸ் மாதிரி தண்ணி இருக்குற கடல் மேல வெதுவெதுப்பான காத்து வந்து படுத்தா இப்படி ஆகும், இன்வர்ஷன்னு சொல்லுவாங்க. இப்ப வெளிச்சம் கீழ்ப்பக்கமா, அதாவது பூமியோட வளைவு இருக்குற பக்கமாவே வளையுது. அதனால தொடுவானத்துக்குக் கீழ ஒளிஞ்சு நிக்குற கப்பலோட வெளிச்சம்கூட வளைஞ்சு வந்து சேர்ந்திடும். இது சுப்பீரியர் மிராஜ், மேல்கானல்.

எவ்வளவு வேணும்னா, ஒரு மீட்டருக்கு 0.11 டிகிரி கிட்ட சூடு ஏறினா வெளிச்சம் பூமியோட வளைவுக்குச் சமமா வளையும். கேக்க அற்பமா இருக்கும். பத்து மீட்டர் உயரத்துல ரெண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே தாண்டிடுது பாருங்க. அந்த அளவுக்கு வந்தா கடல் தட்டையா தெரியும், அதை மிஞ்சினா சாசர் மாதிரி ஓரம் தூக்கின கடல் தெரியும்.

சும்மாசந்தேகம்
அதானே, கடல் தட்டையா தெரியுதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க 😄 2015ல மிச்சிகன் ஏரிக்கு அந்தக்கரைல இருந்து சிகாகோ ஊரே தெரிஞ்சுதுன்னு படம் வந்துச்சு, 80 கிலோமீட்டருக்கு மேல தூரம். பூமி உருண்டையா இருந்தா எப்படிங்க தெரியும்? கேட்டா உடனே மிராஜ்னு ஒரு வார்த்தைல முடிச்சிடுறாங்க.

சுண்ணாம்புக்கட்டி
வாங்க வாங்க, இழைல உங்களை இன்னும் காணோமேன்னுதான் பார்த்தேன். கணக்கு போடுவோம். தூரம் 90 கிலோமீட்டர், கண் உயரம் 10 மீட்டர்னு வெச்சுக்கங்க. வழக்கமான காத்துல, அதோட சாதாரண வளைவையும் சேர்த்தே, சிகாகோ பக்கம் அடில இருந்து சுமார் 410 மீட்டர் மறையணும். அங்க இருக்குறதுலயே உயரமான கட்டடம் வில்லிஸ் டவர் 442 மீட்டர். அப்ப சாதாரண நாள்ல உச்சி மட்டும் ஊசி மாதிரி எட்டிப் பார்க்கலாம், மத்ததெல்லாம் மறைஞ்சிருக்கணும். அந்தக் கரைல பெரும்பாலான நாள் சிகாகோ சுத்தமா தெரியாதே, ஏன்? தட்டையா இருந்தா மூட்டம் இல்லாத ஒவ்வொரு நாளும் அடிவாரத்தோட முழுசா தெரியணும்ல? ஒரு நாள் தெரியுது, மறுநாள் இல்ல, ஒரு நாள் தலைகீழா தெரியுது. பூமி தினம் ஷேப் மாத்திக்காது, காத்துதான் மாறும்.

சும்மாசந்தேகம்
சரி சரி, தலைகீழ் மேட்டருக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் நக்கலுக்குத்தான் கேட்டேன்னு வெச்சுக்கங்க.

கடலோடி
இழை நல்லா போகுது, நானும் என் பங்குக்கு ஒண்ணு சொல்றேன். பல வருஷம் சரக்குக் கப்பல்ல டெக் ஆபீசரா இருந்தவன். லாப்ரடார் குளிர் நீரோட்டம் வர்ற பக்கம் ஒரு மே மாசம், காத்தே இல்ல, கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி. பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டுற மேல்தளத்துல, வாட்ச்ல நிக்கிறேன். ஏஐஎஸ்ல (கப்பல்கள் தங்களோட இடத்தை ரேடியோல சொல்ற கருவி) ஒரு கன்டெய்னர் கப்பல் 31 மைல்னு காட்டுது. எங்க பிரிட்ஜ் உயரத்துக்கும் அதோட உயரத்துக்கும் 24 மைல் தாண்டினா மாஸ்ட் நுனிகூட தெரியக் கூடாது. பைனாகுலரை எடுத்தா கப்பல் தெரியுது, ஒண்ணு இல்ல மூணு. கீழ ஒண்ணு பாதி முங்கினாப்ல நேரா, அதுக்கு மேல ஒண்ணு குப்புறக் கவுந்து, அதுக்கும் மேல மெலிசா ஒண்ணு மறுபடி நேரா. பத்து நிமிஷத்துல நடுவுல இருந்தது மேல இருந்ததோட ஒட்டி, கன்டெய்னர் அடுக்கெல்லாம் இழுபட்டு, கடலுக்கு நடுவுல ஜன்னலே இல்லாத ஒரு நெட்டைச் சுவர் நிக்குற மாதிரி ஆயிடுச்சு. பயிற்சிக்கு வந்த கேடட் பையன் பயந்துட்டான், தீவா சார்னு கேட்டான், சார்ட்ல அங்க தீவே கிடையாது.

அதை விட வேடிக்கை என்னன்னா, நான் அவனை மெயின் டெக்குக்கு இறங்கிப் போய் பார்த்துட்டு வாக்கிடாக்கில சொல்லச் சொன்னேன். அவன் "சுவரும் இல்ல கப்பலும் இல்ல சார், வெறும் கோடு"ங்கிறான். பதினஞ்சு மீட்டர் இறங்கினதுக்கே படம் காலி. வெறுங்கண்ணுக்கு எனக்கே அது ஒரு மெல்லிசு தடிச்ச கோடுதான், பைனாகுலர் இல்லேன்னா கவனிச்சிருக்கவே மாட்டேன்.

சுண்ணாம்புக்கட்டி
அருமை கடலோடி சார், நீங்க பார்த்ததுதான் அசல் ஃபாட்டா மோர்கானா, மேல்கானல்லயே பிம்பம் பலதாகி, கவுந்து, இழுபட்டு, உருவம் மாறிக்கிட்டே இருக்குற வகை. அந்தக் கடைசி வரியை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க, "வெறுங்கண்ணுக்கு மெல்லிசு கோடு". பின்னாடி அந்த கார்ன்வால் படத்துக்கு தேவைப்படும்.

மூணு பிம்பத்தை முதல்ல முறையா பதிவு பண்ணவர் சாமுவேல் வின்ஸ், 1798ல இங்கிலாந்து ராம்ஸ்கேட் கரைல டெலஸ்கோப் வெச்சு. நேரா ஒரு கப்பல், மேல கவுந்தது, அதுக்கு மேல நேரானது, நம்ம கடலோடி சொன்ன அதே வரிசை. 1822ல கிரீன்லாந்து பக்கம் வில்லியம் ஸ்கோர்ஸ்பி வானத்துல தலைகீழா தெரிஞ்ச கப்பலைப் பார்த்தே அது தன் அப்பாவோட 'ஃபேம்' கப்பல்னு அடையாளம் சொன்னார். அப்ப அது சுமார் 30 மைல் தள்ளி, தொடுவானத்துக்கும் அந்தப் பக்கம்.

அரைத்தூக்கம்
சார் ஒரு டவுட். கீழ குளிர் மேல சூடு அவ்வளவுதானேன்னா கப்பல் தூக்கலா தெரியலாம், ஓகே. ஆனா ஏன் மூணு? ஏன் கவுறணும்? ஏன் சுவரா இழுபடணும்? அது தனித்தனி காரணமா?

சுண்ணாம்புக்கட்டி
இதுதான் சரியான கேள்வி, யூடியூப்ல பாதி வீடியோ இதைத் தொடாமலே முடிச்சிடும். எல்லாம் ஒரே காரணம்தான்.

கண்ணுல இருந்து கப்பல் பக்கமா கோடு விடுறதா நினைச்சுக்கோ. முதல் கோடு கிட்டத்தட்ட மட்டமா, அடுத்தது துளி மேல, அதுக்கடுத்தது இன்னும் துளி மேல. ஒவ்வொரு கோடும் காத்துல வளைஞ்சு போய் கப்பல்ல எந்த உயரத்துல முட்டுதுன்னு குறிச்சுக்கோ. கோணம் ஏற ஏற முட்டுற இடமும் ஏறினா படம் நேரா தெரியும். கோணம் ஏறும்போது முட்டுற இடம் இறங்கினா படம் கவுந்து தெரியும். கோணம் ஏறிக்கிட்டே இருக்கு ஆனா முட்டுற இடம் அசையாம அங்கேயே நிக்குதுன்னா, கப்பலோட ஒரு சின்னத் துண்டே பல கோணத்துல தெரியும், அதான் இழுபட்ட சுவர். மோர்கானாவோட கோட்டை கொத்தளம் எல்லாம் அந்த மூணாவது வகைதான், சாதாரண அலை முகடோ பனிக்கட்டியோ மேல இழுபட்டு தூண் தூணா நிக்கும்.

இனி காத்துக்கு வா. சூடு மீட்டருக்கு மீட்டர் ஒரே சீரா ஏறினா ஒரே பிம்பம்தான், தூக்கலா தெரியும், அவ்வளவுதான், அதை கானல்னே சொல்லக் கூடாதுன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. பல பிம்பம் வேணும்னா சூடு ஏறுற வேகம் உயரத்துக்கு உயரம் மாறணும். கீழ சில மீட்டர் ஒரே சீரான குளிர்காத்து, அப்புறம் மெல்லிசா ஒரு அடுக்குல சடார்னு சூடு, அதுக்கு மேல மறுபடி சீரா. அந்த சடார் அடுக்குதான் கூரை. மட்டமா போற கோடு கூரையைத் தொடாமலே போயிடும், கொஞ்சம் மேல போறது கூரைல பட்டு கீழ திரும்பும், இன்னும் சாய்வானது கூரையை ஓட்டை போட்டுட்டு போயிடும். மூணு விதம், மூணு பிம்பம். மோர்கானால அடுக்கு இன்னும் குழப்பமா இருக்கும், அதுல அலை மாதிரி மேடு பள்ளம் நகரும், அதனாலதான் நிமிஷத்துக்கு நிமிஷம் உருவம் மாறுது. காத்து பலமா வீசினா எல்லாம் கலந்து அடுக்கே இருக்காது, அதான் கடலோடி பார்த்த அன்னைக்கு எண்ணெய்க் கடல்.

பாகுமணி
இதை வீட்டுலயே பார்க்கலாம்ங்க. கண்ணாடித் தொட்டி ஒண்ணுல கரையுற வரைக்கும் சர்க்கரை போட்ட தண்ணி பாதி, அதுக்கு மேல வெறும் தண்ணிய ஒரு மிதக்குற அட்டை மேல ஊத்தி மெதுவா இறக்கணும். நான் அவசரப்பட்டு ரெண்டு தடவை கலக்கிட்டேன், மூணாவது தடவைதான் வந்துச்சு. ஒரு ராத்திரி விட்டா எல்லை லேசா கரைஞ்சு படிப்படியா ஆகும். லேசர் பாயின்டரை பக்கவாட்டுல அடிச்சா கோடு வில்லு மாதிரி கீழ வளையும், நேரா போற லேசரைப் பார்த்தே பழகின கண்ணுக்கு அது ஏதோ தப்பு மாதிரி இருக்கும். தொட்டிக்குப் பின்னாடி சாய்ஞ்ச கோடு ஒண்ணு வரைஞ்சு ஒட்டிப் பாருங்க, எல்லை இருக்குற இடத்துல கோடு எஸ் மாதிரி மடங்கி ஒரே உயரத்துக்கு வேற வேற இடம் காட்டும், அதான் வாத்தியார் சொன்ன கவுந்த பிம்பம். வொலாஸ்டன்ங்கிற விஞ்ஞானி 1800ல இதே மாதிரி பாட்டில்ல பாகு, தண்ணின்னு அடுக்கடுக்கா ஊத்திப் பார்த்திருக்கார், பழுக்கக் காய்ச்சின இரும்புக் கம்பியோரமாவும் பார்த்திருக்கார்.

சும்மாசந்தேகம்
இப்ப மெயின் மேட்டருக்கு வாங்க. கார்ன்வால் படம் மோர்கானாவா இல்லையா? பிபிசி வானிலை ஆளே சுப்பீரியர் மிராஜ்னு சொன்னதா படிச்சேன்.

சுண்ணாம்புக்கட்டி
படிச்சது சரிதான். மோர்கானா கிடையவே கிடையாது, அதுல சந்தேகமே வேணாம், ஒரே பிம்பம், ஒழுங்கா நேரா நிக்குது. சுப்பீரியர் மிராஜ்ங்கிறதையும் நான் நம்பல. ஏன்னு சொல்றேன்.

கையை நேரா நீட்டி சுண்டுவிரலைப் பிடி, அந்த அகலம் சுமார் ஒரு டிகிரி. கடல் கானல் ஆட்டமெல்லாம் தொடுவானத்தை ஒட்டி அதுல பாதிக்குள்ளதான், மிஞ்சிப் போனா முழு விரல். அந்தப் படத்துல கப்பலோட உடம்பு முழுக்க, அடிக்கோடு உட்பட, கத்தி மாதிரி நறுக்குன்னு தெரியுது, இழுபடல, நசுங்கல, கீழ கவுந்த பிம்பம் ஒட்டல. கப்பலுக்குக் கீழ வெளுத்த பட்டை ஒண்ணு இருக்கே, எல்லாரும் வானம்னு நினைக்கிறாங்க, எனக்கு அது கடலாத்தான் படுது. தூரத்துக் கடல் வெளுத்து வானத்தோட நிறத்துல கலந்து போச்சு, கிட்டக் கடல் கருப்பா இருக்கு, அந்தக் கருப்பு முடியுற கோட்டை நம்ம கண்ணு தொடுவானம்னு எடுத்துக்குது. நிஜத் தொடுவானம் மூட்டத்துல கரைஞ்சு கிடக்கு, கப்பல் பாட்டுக்கு தண்ணிலதான் நிக்குது. பொய்த் தொடுவானம்னு சொல்லலாம். படத்தை கணினில கான்ட்ராஸ்ட் (வெளுப்பு கருப்பு வித்தியாசம்) ஏத்திப் பாரு.

அதே 2015ல சீனால ஃபோஷான் நகரத்து மேகத்துக்கு மேல கட்டடங்கள் மிதந்துச்சுன்னு ஒரு வீடியோ வந்துச்சே, அதுக்கும் மோர்கானான்னே பேர் வெச்சாங்க. தலையை அண்ணாந்து பார்க்குற உயரத்துல மிராஜ் வராது. அது ஒட்டுப்போட்ட வேலையோ மேகத்துல தெரிஞ்ச மயக்கமோ எதுவா வேணா இருக்கட்டும், கானல் இல்ல.

பழஞ்சுவடி
குறுக்க வரேன். ஒரு டிகிரிக்குள்ளன்னு சொல்றீங்க, ஆனா ஆர்க்டிக்ல இருக்குற நோவாயா செம்லியா தீவுக் கதை இடிக்குதே? 1597 ஜனவரி, டச்சு மாலுமி பாரன்ட்ஸோட குழு அங்க பனில மாட்டிக்கிட்டு குளிர்காலத்தைக் கழிக்குது, துருவ இரவு, சூரியன் வர இன்னும் ரெண்டு வாரம் பாக்கி. 24ஆம் தேதி அந்தக் குழுல இருந்த ஹெர்ரிட் டி வேர் சூரியனோட விளிம்பைப் பார்த்துட்டேன்னு எழுதுறார். அப்ப சூரியன் தொடுவானத்துக்குக் கீழ சுமார் 5 டிகிரில இருந்திருக்கணும். ரொம்ப காலம் யாரும் நம்பல, தேதி தப்பிப்போச்சு மனுஷனுக்குன்னு சொன்னாங்க. துருவப் பயணி ஷாக்கிள்டனுக்கும் 1915ல இதே நடந்துச்சு, அன்டார்டிக்ல குளிர்காலத்துக்கு மறைஞ்சு போன சூரியன் ஏழு நாள் கழிச்சு மே 8ல பாதிக்கு மேல தலை காட்டிட்டுப் போச்சு. அஞ்சு டிகிரி உங்க சுண்டுவிரலுக்கு அடங்காதே சார்.

சுண்ணாம்புக்கட்டி
பிடிச்சீங்க பாருங்க, நல்ல இடி. ஆனா ரெண்டும் வேற வேற கோணம். வெளிச்சம் மொத்தமா எவ்வளவு வளைஞ்சுதுங்கிறது ஒண்ணு, கண்ணுக்கு எந்த உயரத்துல வந்து சேருதுங்கிறது இன்னொண்ணு. டி வேர் பார்த்த சூரியனும் தொடுவானத்தை ஒட்டி, நசுங்கின பட்டையாத்தான் இருந்திருக்கும். வெளிச்சம் அந்தக் கூரைக்கும் பனித்தரைக்கும் நடுவுல மாட்டி, மேல போறப்ப கூரை திருப்பிவிட, மறுபடி ஏற, மறுபடி திரும்ப, தத்தித் தத்தி பூமியோட வளைவு கூடவே வந்திருக்கு. பூமில ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், அப்ப அஞ்சு டிகிரி வளையணும்னா நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்த இன்வர்ஷன் அறுந்து போகாம நீளணும். துருவப் பனி மேல அசையாத குளிர்ல அது நடக்கும், வேற இடத்துல ரொம்ப அபூர்வம். வால்டமார் லேன் 1979ல கம்ப்யூட்டர்ல கோடு விட்டுப் பார்த்து டி வேர் பொய் சொல்லலைன்னு காட்டினார்.

அலைவரிசை
ரேடியோக்காரங்களுக்கு இது பழக்கப்பட்ட சமாச்சாரம், அலை இப்படி அடுக்குக்குள்ள மாட்டி ரொம்ப தூரம் போறதை டக்டிங்னு சொல்லுவோம். ரெண்டாம் உலகப்போர் காலத்துல பம்பாய்ல இருந்த ரேடார் ஆயிரம் மைலுக்கு மேல தாண்டி அரேபியக் கரையையே காட்டியிருக்கு. ஒரு வித்தியாசம், ரேடியோ அலைக்கு காத்துல இருக்குற ஈரப்பதம் ரொம்ப முக்கியம், கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துக்கு ஈரம் கிட்டத்தட்ட கணக்கே இல்ல, சூடுதான் எல்லாம். அதனால ரேடார் பொய் சொல்ற நாள்ல கானலும் தெரியணும்னு கட்டாயம் இல்ல.

பழஞ்சுவடி
கானலை நம்பி மோசம் போன கதையும் ஒண்ணு ரெண்டு சொல்லிடுறேனே. 1818ல பிரிட்டிஷ் கடற்படை ஜான் ராஸ் ஆர்க்டிக் வழியா பசிபிக் போக வழி தேடி லங்காஸ்டர் சவுண்ட் நீர்வழில போறார், எதிர்ல மலைத்தொடர் குறுக்க நிக்குது, வழி இல்லைன்னு திரும்பிட்டார், கடற்படைச் செயலாளர் குரோக்கர் பேரை மலைக்கு வேற வெச்சுட்டார். மறுவருஷம் பாரி போனார், அந்த மலைக்கு நடுவுல கப்பலை ஓட்டிட்டு போயே போயிட்டார். ராஸோட மானம் அதோட போச்சு.

ரெண்டாவது 1906, அமெரிக்கத் துருவப் பயணி பியரி. ஆர்க்டிக்ல புது நிலம் பார்த்தேன்னு சொல்லி பணம் கொடுத்த ஜார்ஜ் க்ராக்கர் பேரை வெச்சார், க்ராக்கர் லேண்ட். (குரோக்கர், க்ராக்கர்... இந்தப் பேருக்கே நிலம் ஒட்டாது போல.) 1914ல மாக்மில்லன் தேடிப் போறார், பனி மேல மலை, பள்ளத்தாக்கு, வெள்ளை உச்சி எல்லாம் தெரியுது. கூட வந்த இனுயிட் வழிகாட்டி பியுகாட்டோக் அது மூடுபனி, நிலம் இல்லைன்னு சொல்றார், இவர் கேக்கல, உடையப் போற பனில நாள் கணக்கா துரத்துறார். சூரியன் நகர நகர மலை உருவம் மாறி கடைசில காணாமப் போச்சு. ஆனா பியரி பார்த்தது கானல்தானான்னே சந்தேகம், அவரோட அன்றைய டயரில நிலம் எதுவும் தெரியலைன்னுதான் இருக்கு. கானல் மேல பழி போட வசதியா இருக்குன்னு போட்டுட்டாங்களோ என்னவோ.

பேரும் சுவாரஸ்யம்தான். மெசினா ஜலசந்தில தெரிஞ்ச கோட்டையை மோர்கன்ங்கிற சூனியக்காரி கட்டினதுன்னு நம்பி இத்தாலில ஃபாட்டா மோர்கானா. சீனால பெரிய கிளிஞ்சல் விடுற மூச்சுல இருந்து எழும்புற ஊர். சமஸ்கிருதத்துல கந்தர்வ நகரம். நம்ம சங்கப் பாட்டுல பேய்த்தேர்னே ஒரு சொல் இருக்கு, எனக்கு அதுக்கு மேல ஒரு பேர் தோணல.

அரைத்தூக்கம்
மூணு வாரம் கழிச்சு வரேன், இழையை மேல தூக்கினதுக்கு மன்னிக்கவும். ஒரு பெரிய ஏரிக்கரைக்குப் போனேன், விடிகாலை, நல்ல குளிர், பைனாகுலர் கடன் வாங்கிட்டு. தூரத்துல ஒரு குட்டித் தீவு, அதோட ரெண்டு ஓரமும் தண்ணில ஒட்டாம மேல தூக்கி நிக்குது, அடில வெளுப்பா ஒரு கீத்து! தரைல படுத்துப் பார்த்தேன், கீத்து இன்னும் பெருசாச்சு, தீவே முழுசா கழண்டு மிதக்குது. எழுந்து பக்கத்துல இருந்த மேடை மேல ஏறினேன், ஒட்டிக்கிச்சு. ஏழெட்டு தடவை படுத்து எழுந்து பார்த்தேன், வாக்கிங் வந்தவங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனாங்க. சார், இது சுப்பீரியர் மிராஜ்தானே? கிடைச்சிடுச்சுல்ல?

சுண்ணாம்புக்கட்டி
தம்பி, கிடைச்சது கானல்தான், ஆனா நீ ரோட்டுல பார்த்த அதே ஜாதி 😀 ராத்திரி முழுக்க காத்து ஆறிப்போச்சு, ஏரித் தண்ணி இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. கீழ சூடு மேல குளிர். தீவோட அடிப்பகுதி மறைஞ்சு, அதுக்குக் கீழ வானம் கவுந்து தெரியுது, அதான் அந்த வெளுத்த கீத்து. மிதக்குற தீவுன்னு வர்ற படத்துல முக்கால்வாசி இந்த வகைதான், ஆனா தலைப்புல எல்லாரும் மோர்கானான்னு போடுவாங்க. நீ படுத்துப் பார்த்தப்ப பெருசாச்சுன்னு சொன்னியே, அந்த ஒண்ணே போதும் அடையாளத்துக்கு, சூட்டுக்காத்து தண்ணியை ஒட்டித்தானே இருக்கு, கண்ணு இறங்க இறங்க அதிகமா தெரியும்.

கடலோடி
நல்ல வேலை தம்பி. மேல்கானல் வேணும்னா குளிர் முடிஞ்சு வெயில் ஏறுற சமயத்துல மத்தியானமா போ, தண்ணி இன்னும் ஜில்லுன்னு இருக்கும், காத்து சூடாயிருக்கும், அலையே இல்லாத நாளா பாரு. ஜப்பான்ல டொயாமா விரிகுடால உவோசு ஊர்க்காரங்க ஏப்ரல் மே மாசத்துலதான் இதுக்காக கரைல காத்துக்கிடப்பாங்க. படம் எடுத்தா நேரத்தையும் கண்ணு தண்ணிக்கு மேல எவ்வளவு உயரம்ங்கிறதையும் எழுதி வை, தண்ணில ஒரு தெர்மாமீட்டர், தலைக்கு மேல கம்புல கட்டி ஒண்ணு.

அரைத்தூக்கம்
கம்பு ரெடி. பைனாகுலர்தான் நாளைக்கு திருப்பிக் கொடுக்கணும், வாக்குக் கொடுத்துட்டேன்.